மணலில் எழுதிய மாணாக்கர்

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் என்னும் பகுதி தமிழர் வாழ்வோடு பின்னிப் பிணைந்த ஒன்று. கந்தசுவாமி கோயிலும், புத்த மகா விகாரையும், விவேகானந்தா ஆசிரமமும், கிறித்தவ ஆலயங்களும் நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் அமைந்திருப்பது அப்பகுதியின் தனிச்சிறப்பு. அங்கே அப்துல் சமாட் சாலையில் சீயோன் லூத்தரன் ஆலயம் உள்ளது. 1924ஆம் ஆண்டில் எழுந்த ஆலயம் அது. இரயில்வேயிலும் தோட்டங்களிலும் அலுவலகங்களிலும் உழைப்பதற்காகக் கடல் கடந்து வந்த தமிழர்கள், தாயகத்திலிருந்து தம்முடன் கொண்டுவந்த சமய மரபுக்கு ஓர் இல்லம் அமைத்துக்கொண்டனர். அம்மரபின் வேரைத் தேடிச் செல்வோமாயின், அது சோழமண்டலக் கடற்கரையில் தரங்கம்பாடி என்னும் சிற்றூரில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும்.

தரங்கம்பாடியின் சமய வரலாற்றைக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அங்கு வந்திறங்கிய ஓர் இளைஞர், தம் முதற் சில வாரங்களில் என்ன செய்தார் என்பதே இங்கு நாம் காணவிருப்பது. மாணவர்க்கு எழுத்தறிவிக்கும் தொழிலில் இருப்போர் அனைவரும் ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி அது.

கப்பலும் கரையும்

பர்த்தலோமேயு சீகன்பால்கு 1682ஆம் ஆண்டு ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தவர். உடல் நலமும் வாய்க்கப் பெறாதவர். ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் பிரான்கே என்னும் பெரியாரின் கீழ்ப் பயின்றார். ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிகள் நடத்தி வந்தவர் பிரான்கே. அக்காலத்தில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக், தம் நாட்டு வணிகக் குழுவினர் ஆண்டுவந்த தரங்கம்பாடிக்குச் சமயப் பணியாளர்களை அனுப்ப விரும்பினார். அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இருவருள் ஒருவர் சீகன்பால்கு. மற்றவர் அவரினும் சில ஆண்டுகள் மூத்தவரான ஹென்ரிக் புளுச்சோ.

1705ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள் கோப்பன்ஹேகனிலிருந்து 'இளவரசி சோபியா ஹெட்விக்' என்னும் கப்பலில் இருவரும் புறப்பட்டனர். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு ஏழு திங்களுக்கு மேல் நீண்டது அப்பயணம். 1706ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் கப்பல் தரங்கம்பாடியை அடைந்தது.

அவர்கள் வந்து சேர்ந்த ஊர் ஒரு புதிய குடியேற்றமன்று. பாண்டியர் காலத்தைச் சேர்ந்த மாசிலாமணிநாதர் கோயில் அங்கே கடலோரத்தில் நின்றது. தஞ்சை இரகுநாத நாயக்கர் 1620ஆம் ஆண்டில் டேனியருக்கு இசைவளித்த பின்னர், டான்ஸ்போர்க் கோட்டையும் மதில்களும் எழுந்தன. மன்னரின் ஆணையோடு வந்தவர்களுக்கு அக்கோட்டையில் மாலை மரியாதை காத்திருக்கவில்லை. வணிகம் செய்ய வந்த இடத்தில் சமயப் பணியாளர் எதற்கு என்பதே ஆளுநர் ஹாசியஸ் முதலானோரின் எண்ணம். குடிமக்களின் சமயத்தில் கைவைத்தால் வாணிகம் கெட்டுவிடும் என்று அவர்கள் அஞ்சினர். தங்குவதற்கு இடம் ஏற்பாடு செய்யாமலும், எதற்காக வந்தீர்கள் என்று ஐயுற்றும், புதியவர்களை அவர்கள் காக்க வைத்தனர்.

இந்நிலையில் ஓர் இளைஞனின் உள்ளம் எவ்வாறு இருந்திருக்கும்? சொந்த இனத்தவர் முகங்கொடுத்துப் பேசவில்லை. ஊர் மக்களின் பேச்சோ ஒரு சொல்லும் விளங்கவில்லை. சுடும் வெயிலில், பலமற்ற உடலோடு, அந்நிய மண்ணில் நிற்கிறார் ஓர் இருபத்து நான்கு வயதினர். திரும்பிச் செல்லக் கப்பல் இருந்தது. அவர் திரும்பவில்லை.

திண்ணைப் பள்ளியில்

அக்காலத்தில் கடற்கரை ஊர்களில் வணிகத்துக்குப் பயன்பட்ட பொதுமொழி போர்த்துகீசியம். ஐரோப்பியரின் வீடுகளில் பணிபுரிந்தோரும், துபாசிகளும், கலப்பினத்தவரும் அதனைப் பேசினர். அதைக் கற்றுக்கொண்டால் ஒருவாறு காலம் தள்ளிவிடலாம். மற்ற ஐரோப்பியர் அப்படித்தான் காலம் தள்ளிக்கொண்டிருந்தனர். அங்கு ஐரோப்பியர் வந்து எண்பத்தாறு ஆண்டுகள் கழிந்தும், மக்களின் மொழியைப் பயில வேண்டும் என்ற எண்ணம் கோட்டைக்குள் இருந்தோர்க்கு எழவில்லை.

புதியவர் இருவரும் முதலில் போர்த்துகீசியத்தைக் கற்கத் தொடங்கினர். ஆயினும் பொது மக்களிடம் செல்ல வேண்டுமானால் தமிழே வழி என்பதை விரைவில் உணர்ந்தனர். தமிழைச் சீகன்பால்கும், போர்த்துகீசியத்தைப் புளுச்சோவும் தத்தம் முதன்மைப் பொறுப்பாகக் கொள்வது என்று முடிவாயிற்று. 'மலபார் மொழி' என்று அந்நாளைய ஐரோப்பியர் நம் மொழியைத் தவறாக வழங்கி வந்தனர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

பாட நூல் இல்லை. பயிற்சிக் கல்லூரி இல்லை. என் செய்வது? ஊரில் திண்ணைப் பள்ளி நடத்தி வந்த முதிய ஆசிரியர் ஒருவரை அணுகினர். அவர் தம் பள்ளியையே இவர்கள் குடியிருந்த வீட்டிற்கு மாற்றிக்கொள்ள இசைந்தார். அவ்வாறு ஒருநாள் பிள்ளைகள் வந்து அமர்ந்தனர். அவர்கள் நடுவே, அவர்களைப் போலவே தரையில் அமர்ந்தார் ஹாலேயில் பயின்று குருப்பட்டம் பெற்ற சீகன்பால்கு. பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் 'அ' எழுதினால் அவரும் எழுதினார். அவர்கள் உரக்கச் சொன்னால் அவரும் உரக்கச் சொன்னார். அவர்கள் அழித்து மீண்டும் எழுதினால் அவரும் அழித்து மீண்டும் எழுதினார்.

இக்காட்சியைச் சற்று நின்று காணுதல் வேண்டும். மதுரையில் இராபர்ட்டு தெ நொபிலி 1606ஆம் ஆண்டிலேயே வந்து தமிழிலும் வடமொழியிலும் ஆழங்கால் பட்டவர். அவரும் ஆசிரியர்களிடம் பயின்றவரே. ஆனால் அவர் நாடிச் சென்றது கற்றோர் அவையை. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து வந்த சீகன்பால்கு அமர்ந்த இடம் ஐந்து வயதுப் பிள்ளைகளின் வரிசை. அப்பிள்ளைகளுக்கு அவர் ஒரு வேடிக்கைப் பொருளாகத்தான் தோன்றியிருப்பார். ஒரு பிள்ளையின் நாவில் எளிதாகப் புரண்ட ழகரமும் ளகரமும், பல மொழி கற்ற அவருடைய நாவில் எளிதில் புரண்டிருக்க இயலாது. நகைப்புக்கு அஞ்சுபவன் அவ்வரிசையில் ஒரு நாளும் அமர்ந்திருக்க மாட்டான்.

மணலில் எழுதிப் பழகும் முறை நம் முன்னோர் கண்ட எளிய, ஆனால் நுட்பமான முறை. பிழை நேர்ந்தால் கையால் தடவிவிடலாம், காகிதச் செலவில்லை, கண், காது, வாய், விரல் நான்கும் ஒருசேர உழைக்கின்றன. பிற்காலத்தில் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர் சென்னையில் ஆண் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தை நடத்தியபோது, நாட்டுப்புறப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு வியந்து, அதனைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையையும் சேர்த்து அவர் 1797ஆம் ஆண்டில் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது 'சென்னை முறை' என்ற பெயரோடு இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவிற்று. நம் திண்ணை உலகுக்குக் கொடுத்த கொடை அது. அந்த மணலின் அருமையை விரலால் தொட்டு அறிந்த ஐரோப்பியர்களுள் சீகன்பால்கு, பெல்லுக்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டவர்.

ஓசையும் பொருளும்

சில வாரங்களில் எழுத்துகள் கைவந்தன. ஆனால் ஒரு பெருந்தடை எதிர்ப்பட்டது. முதிய ஆசிரியருக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. மாணாக்கருக்கோ தமிழ் தெரியாது. எழுத்தைக் காட்டி ஒலிக்கச் செய்ய ஆசிரியரால் முடிந்தது. ஒலித்த சொல்லின் பொருள் யாது என்று விளக்க அவருக்கு வழியில்லை. உடன் அமர்ந்திருந்த பிள்ளைகளுக்கு அத்தடை இல்லை. அவர்கள் வீட்டிலிருந்து சொற்களைக் கொண்டுவந்து, பள்ளியில் எழுத்தைப் பெற்றுக்கொண்டனர். சீகன்பால்கோ எழுத்தைப் பெற்றாரேயன்றிச் சொல்லைப் பெறவில்லை.

தலைமையாசிரியன் என்ற முறையில் நான் இவ்விடத்தில் நின்றுவிடுவது வழக்கம். இதே தடை இன்றும் நம் வகுப்பறைகளில் இருக்கின்றது. கிள்ளான் வட்டாரத்துப் பள்ளிகளில் முதலாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் பிள்ளைகளுள் வீட்டில் ஆங்கிலமோ மலாயோ மட்டும் பேசிப் பழகியோர் உண்டு. பிற இனத்துப் பிள்ளைகளும் உண்டு. அவர்களுள் சிலர் ஓராண்டில் பாடப் பகுதியைத் தங்கு தடையின்றி வாசிப்பர். ஆசிரியர் மகிழ்ந்து பாராட்டுவார். 'இதன் பொருள் என்ன, கண்ணு?' என்று கேட்டால் பிள்ளை விழிக்கும். வாசிப்பு வேறு, விளக்கம் வேறு என்பதை எத்தனை பயிற்சி ஆண்டுகள் படித்தாலும் அப்பிள்ளையின் விழிப்பே நமக்கு உண்மையில் உணர்த்துகிறது. சீகன்பால்கு அத்தடையைத் தாமே மாணாக்கராக இருந்து உணர்ந்தார். உணர்ந்ததனால்தான் அடுத்த வழியைத் தேடினார்.

அழகப்பன் என்னும் துபாசி அப்பொழுது கிடைத்தார். டேனிய வணிகக் குழுவில் முன்னர் மொழிபெயர்ப்பாளராக விளங்கியவர் அவர். போர்த்துகீசியம், டேனியம், ஜெர்மன், டச்சு ஆகிய மொழிகளை அறிந்தவர். திண்ணையில் ஓசையாகக் கிடைத்த மொழி, அழகப்பனின் வாயிலாகப் பொருளாக மலர்ந்தது. எட்டுத் திங்கள் கழிவதற்குள் சீகன்பால்கு மக்களோடு தமிழில் உரையாடத் தலைப்பட்டார். 1707ஆம் ஆண்டு மே மாதத்தில் முதல் திருமுழுக்குப் பெற்றோர் ஐவர்; ஐவரும் ஐரோப்பியரின் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் புதிய எருசலேம் என்னும் சிற்றாலயம் எழுந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளியும் தொடங்கப்பெற்றது.

ஏடுகளின் முன்னே

தமிழ் கைவந்த பின்னும் அவர் மாணாக்கராகவே இருந்தார். காலையில் ஒரு மணி நேரம் முன்னாள் கற்ற சொற்களையும் தொடர்களையும் ஓதுதல். பின்னர் நண்பகல் வரை ஒரு புலவரையும் ஓர் எழுத்தரையும் உடன் வைத்துக்கொண்டு ஓலைச்சுவடிகளைப் படித்தல். பிற்பகலில் மீண்டும் படிப்பு. விளக்கேற்றிய பின், தம் கண்களுக்கு ஓய்வு கொடுத்துப் பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்டல். தம் அன்றாட ஒழுங்கை இவ்வாறு அவர் கடிதங்களில் எழுதியுள்ளார். ஒரு நூலின் நடை தம் பேச்சில் படியும் வரை அதனைத் திரும்பத் திரும்ப ஓதினார். 1708ஆம் ஆண்டில் தாம் திரட்டிய நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு விளக்க அட்டவணை வகுத்தார். தமிழ் நூல்களைப் பற்றி ஐரோப்பிய மொழியில் எழுந்த பழைய அட்டவணைகளுள் அது முதன்மையானது.

அவர் ஜெர்மன் மொழியில் பெயர்த்த தமிழ் நூல்கள் யாவை? நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி. இம்மூன்றில் பின்னிரண்டும் திண்ணைப் பிள்ளைகளின் பாடங்கள். இன்றும் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் நம் மாணவர்கள் மனனம் செய்து ஒப்புவிப்பவை. காவியங்களை விட்டுவிட்டு அவர் குழந்தைகளின் நூல்களை ஏன் தேர்ந்தெடுத்தார் என வினவலாம். ஒரு சமுதாயம் தன் பிள்ளைக்கு முதலில் எதனைச் சொல்லித் தருகிறதோ அதுவே அச்சமுதாயத்தின் நெஞ்சம். அந்நெஞ்சத்தை அவர் பிள்ளைகளின் வரிசையில் அமர்ந்து கேட்டவர்.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் கூறுதல் வேண்டும். அவர் வந்தது நம் மக்களின் சமயத்தை மாற்றுவதற்காக. தொடக்கத்தில் இம்மக்கள் கல்வியும் ஒழுங்கும் அற்றவர்கள் என்ற எண்ணத்துடனேயே வந்தார். ஆர்வ மிகுதியால் ஊர்ப்புறக் கோயில் ஒன்றில் சுடுமண் உருவங்களை அவர் உடைத்த செய்தியும் உண்டு. அதனை நாம் நியாயப்படுத்த இயலாது. ஆயினும் அவரே பின்னர், தமிழ் நூல்களைக் கற்ற பிறகு தம் பழைய எண்ணம் பிழையென்று கண்டதாக எழுதினார். இம்மக்களிடம் முறையான கல்வியும் உயர்ந்த அறநெறியும் உள்ளன என்று ஐரோப்பியருக்கு எடுத்துரைத்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்து 1713ஆம் ஆண்டில் ஒரு நூலெழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்த ஆசான் பிரான்கே, அவர்களை அனுப்பியது பிற சமயத்தை ஒழிப்பதற்கேயன்றி ஐரோப்பாவில் பரப்புவதற்கன்று எனக் கடிந்து அதனை ஒதுக்கிவிட்டார். அந்நூல் அச்சேறியது 1867ஆம் ஆண்டில்தான். பிறரை மாற்ற வந்தவர், கற்றதனால் தாமும் ஓரளவு மாறினார். கல்வியின் இயல்பு அது.

அவர் வாழ்நாள் குறுகியது. ஆளுநரோடு ஏற்பட்ட பூசலால் 1708ஆம் ஆண்டு நவம்பரில் கோட்டைச் சிறையில் அடைபட்டு நான்கு திங்கள் இருந்தார். புதிய ஏற்பாட்டின் தமிழாக்கத்தை 1711ஆம் ஆண்டில் முடித்தார். இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறியும் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துருக்களும் வந்து சேர, 1714, 1715ஆம் ஆண்டுகளில் அது அச்சாயிற்று. 1716ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் அவர் எழுதிய தமிழ் இலக்கண நூல் ஹாலேயில் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே உள்ளூர் இளைஞரை ஆசிரியராகவும் உபதேசியாராகவும் ஆக்கும் பயிற்சிப் பள்ளி ஒன்றும் தரங்கம்பாடியில் தொடங்கப்பெற்றது. 1719ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், தம் 36ஆம் வயதில் அவர் மறைந்தார். தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கமாயினார்.

மறக்கப்பட்ட இருவர்

சீகன்பால்குவின் பெயரை வரலாறு மறக்கவில்லை. ஆனால் அவருக்கு எழுத்தறிவித்தோரை நாம் எண்ணிப் பார்க்கிறோமா?

அழகப்பன் தாம் செய்த உதவிக்குப் பெரும் விலை கொடுத்தார். சமயப் பணியாளருக்குத் துணைநின்றதனால் கோட்டை அதிகாரிகளின் சினத்துக்கு ஆளாகிச் சிறைப்பட்டு, ஊரைவிட்டும் வெளியேற்றப்பட்டார். எனினும் அவர் சமயம் மாறவில்லை. ஐரோப்பியரின் வினாக்களுக்குத் தமிழர் எழுதிய விடைக் கடிதங்கள் 99, ஹாலேயில் 1714ஆம் ஆண்டிலும் 1717ஆம் ஆண்டிலும் ஜெர்மன் மொழியில் வெளியாயின. அவற்றுள் மிகப் பலவற்றை எழுதியவர் அழகப்பனே என்று ஆய்வாளர் கருதுவர். தமிழர் வாழ்வைத் தமிழரே ஐரோப்பியருக்கு விளக்கிய அரிய தொகுதி அது.

அத்திண்ணைப் பள்ளி ஆசிரியரையோ நூல்கள் 'முதிய ஆசிரியர்' என்று மட்டும் சொல்லிக் கடந்து செல்கின்றன. அந்நியன் ஒருவன் கற்க வந்தபோது, அவன் யார், எக்குலத்தான், எதற்காகக் கற்கிறான் என்றெல்லாம் பாராமல், தம் பள்ளியையே பெயர்த்துக்கொண்டுபோய் அவனுக்கு எழுத்தறிவித்தார் அவர். அவர் அதற்குக் கூலி பெற்றிருக்கலாம். ஆனால் கூலிக்காக மட்டும் ஒருவர், பொருள் விளங்காத மாணாக்கனிடம் நாள்தோறும் பொறுமை காட்டிவிட முடியாது.

நம் நாட்டிலும் அத்தகைய ஆசிரியர்கள் இருந்தனர். 1816ஆம் ஆண்டில் பினாங்கு இலவசப் பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து மலேசியத் தமிழ்க் கல்வியின் வரலாறு எண்ணப்படுகிறது. பின்னர் இரப்பர்த் தோட்டங்களில் முளைத்த பள்ளிகளில், எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியாரும் கங்காணியும், பயிற்சி எதுவும் பெறாத பெரியவர்களுமே ஆசிரியர்களாக அமர்ந்தனர். மரத்தடியிலும் தகரக் கொட்டகையிலும் அவர்கள் எழுதிக் காட்டிய எழுத்தே இன்று நம் கையெழுத்து. அவர்களுள் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

ஒவ்வோர் ஆண்டும் ஆசிரியர் பயிற்சிக் கழகத்திலிருந்து இளைஞர்கள் கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிக்கு வருகின்றனர். முதல் வாரத்தில் அவர்களைப் பாடம் நடத்தச் சொல்வதில்லை. வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து நோக்கச் சொல்வோம். சிலருக்கு அது சலிப்பூட்டும். நான்காண்டு படித்துவிட்டு வந்தவனை ஏழு வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைக்கிறார்களே என்ற குறை சிலர் முகத்தில் தெரியும். அத்தகைய ஒரு தம்பி என்னிடம் வாய்விட்டே கேட்டதுண்டு. அவருக்கு நான் தரங்கம்பாடிக் கதையைச் சொன்னேன். அவர் மறுமொழி கூறவில்லை. மறுநாள், பின்வரிசை நாற்காலியை விட்டுவிட்டு, தமிழ் அறியாமல் திணறிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் அருகில் சிறு பலகையில் அமர்ந்து, அப்பிள்ளை எழுத்தை எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நல்லாசிரியராவார் என்று அன்றே நான் முடிவு செய்தேன்.

விசயதசமியன்று பிரிக்பீல்ட்ஸ் கோயில்களிலும் கிள்ளான் கோயில்களிலும் தட்டில் அரிசியைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து முதலெழுத்தை எழுத வைக்கின்றனர். மணல் அரிசியாயிற்று, முறை மாறவில்லை. பிடிக்கும் கை பெரியது, எழுதும் விரல் சிறியது. 1706ஆம் ஆண்டின் மழைக்காலத்துக்கு முந்திய அவ்வெயில் நாள்களில், தரங்கம்பாடியில் எழுதிய விரல் மட்டும் பெரியதாயிருந்தது. அவ்விரலை வழிநடத்திய முதியவரின் பெயர் தெரியாவிட்டாலும், அவருக்கும் நம் வணக்கம் உரியது.